கைக்குப் பொருந்துமா இந்த பிஸ்டல்?

போட்டிக்கான ஏர் பிஸ்டல் புதிதாக வாங்கினால் பெட்டிக்குள் ஒரு சின்ன அட்டையும் வரும். தொழிற்சாலையில் பிஸ்டலை அசையாத தாங்கியில் பூட்டி, 10 மீட்டர் தூரத்தில் சுட்டுப் பார்த்த அட்டை அது. அத்தனை குண்டுகளும் ஒரே துளைக்குள் போயிருக்கும். குண்டின் விட்டம் 4.5 மில்லிமீட்டர், துளை அதைவிடக் கொஞ்சம்தான் பெரிது. கருவி குறி தவறாது என்பது நம் கைக்கு வருமுன்பே முடிவாகிவிட்ட விஷயம். அப்படியிருக்க, கல்லூரிக் காலத்து நண்பர்கள் நாங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சென்னையில் ஒரு ரேஞ்சில் கூடி எதைச் சோதித்துப் பார்த்தோம்?

எங்கள் கைகளை. உள்ளங்கை, மணிக்கட்டு, தோள், ஆள்காட்டி விரலின் முதல் கணு, கூடவே கண். இவற்றில் எது புது பிஸ்டலோடு ஒத்துப்போகிறது, எது முரண்டு பிடிக்கிறது என்று பார்ப்பதற்குத்தான் அத்தனை நேரமும் போனது. பிஸ்டலை வாங்கியவர் எங்களில் ஒருவர், வங்கியில் வேலை பார்ப்பவர். பல வருடமாக கிளப் பிஸ்டலில் சுட்டுப் பழகியவர். பத்தாம் வகுப்பு படிக்கும் மகளுக்கும் இது பயன்படும் என்ற எண்ணத்தில், சேமிப்பை எடுத்து லட்சத்துக்கு மேல் செலவு செய்திருந்தார். மகளையும் கூட்டி வந்திருந்தார்.

இப்படி வாங்குபவர்கள் இப்போது அதிகம். காரணம் பாரிஸ் ஒலிம்பிக்ஸ். 2024 ஜூலை 28 அன்று மனு பாக்கர் 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் 221.7 புள்ளிகளோடு வெண்கலம் வென்றார். இரண்டே நாளில் சரப்ஜோத் சிங்குடன் சேர்ந்து, கலப்பு அணிப் பிரிவில் தென்கொரியாவை 16-10 என்று வீழ்த்தி இன்னொரு வெண்கலம். சுதந்திர இந்தியாவில் ஒரே ஒலிம்பிக்ஸில் இரண்டு பதக்கம் வென்ற முதல் ஆள் அவர். அதே கலப்பு அணிப் போட்டியில் வெள்ளி வென்ற துருக்கி அணியின் யூசுஃப் டிகெச், டி-ஷர்ட்டும் சாதாரணக் கண்ணாடியுமாக, இடது கையை பேன்ட் பாக்கெட்டில் விட்டபடி நின்ற படம் உலகம் முழுக்கச் சுற்றியது. அதை அலட்சியத்தின் அழகு என்று எழுதியவர்கள் உண்டு. ஆனால் சும்மா தொங்கும் கை ஆடிக்கொண்டே இருக்கும். அது ஆடினால் தோள் ஆடும், தோள் ஆடினால் மற்ற கையில் இருக்கும் பிஸ்டலும் ஆடும். அதனால்தான் பாக்கெட். முதல் நாள் ரேஞ்சுக்கு வரும் பிள்ளைக்குக்கூட கோச் சொல்லித்தருவது அதைத்தான்.

தமிழ்நாட்டில் இந்த ஆர்வம் பாரிஸுக்கு முன்பே மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. 2022-ல் திருச்சியில் நடந்த மாநில துப்பாக்கி சுடுதல் போட்டியில் நடிகர் அஜித்குமார் கலந்துகொண்டு பதக்கங்கள் வென்றபோது, ஊரில் இப்படியொரு ரேஞ்ச் இருப்பதே பலருக்கு அன்றுதான் தெரிந்தது. கடலூரில் பிறந்து குஜராத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் ஏர் ரைஃபிளில் டோக்கியோ, பாரிஸ் என இரண்டு ஒலிம்பிக்ஸ் பார்த்துவிட்டார். ஆர்வம் வந்தது நல்லது. ஆனால் ரேஞ்சின் வாசலில் நிற்கும் பெற்றோர் கோச்சிடம் கேட்கும் முதல் கேள்வி, “எந்த பிஸ்டல் வாங்கணும் சார்?” என்பதாக இருக்கிறது. பிள்ளை ஒரு குண்டுகூட சுட்டிருக்காது. எனக்கு வருத்தம் தரும் கேள்வி அது.

ரேஞ்சுக்குள் பெட்டியைத் திறப்பதற்கே ஒரு முறை உண்டு. குழலின் வாய் எப்போதும் டார்கெட் பக்கம். குழல் நீளத்துக்கும் பளிச்சென்ற நிறத்தில் ஒரு நைலான் கயிறு நுழைந்து வெளியே எட்டிப் பார்க்கும். குண்டு போடும் அறை காலி என்பதற்கு அதுதான் அத்தாட்சி. கோச் சொல்லும்வரை அந்தக் கயிற்றை யாரும் உருவக் கூடாது. யாராவது டார்கெட் பக்கம் நடந்தால் பிஸ்டலை மேசையில் வைத்துவிட்டு ஒரு அடி பின்னால் நிற்க வேண்டும். விசையில் விரல் வைப்பது எல்லாவற்றுக்கும் கடைசி. எங்கள் கோச் போலீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். காலி பிஸ்டல் என்றொரு வகையே உலகத்தில் கிடையாது என்பது அவர் கட்சி. முழுமனதாக ஒப்புக்கொள்கிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பவர்களுக்கு: குழலின் விட்டம் 4.5 மில்லிமீட்டருக்கும், குண்டு வெளியேறும் சக்தி 20 ஜூலுக்கும் மேல் போகாத காற்றுத் துப்பாக்கிக்கு இந்தியாவில் உரிமம் தேவையில்லை. அரை கிராம் ஈயக் குண்டை விநாடிக்கு ஏறக்குறைய 150 மீட்டர் வேகத்தில் அனுப்பும் போட்டி பிஸ்டலின் சக்தி அந்த வரம்பில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. நிஜத் தோட்டா போடும் .22 பிஸ்டல் என்றால் 1959-ம் வருட ஆயுதச் சட்டத்தின்படி உரிமம் இல்லாமல் சொந்தமாக வைத்திருக்க முடியாது. உரிமம் வேண்டாம் என்பதால் ஏர் பிஸ்டல் விளையாட்டுச் சாமான் ஆகிவிடாது. கண்ணில் பட்டால் பார்வை போய்விடும். வீட்டில் பூட்டி வைக்கும் அலமாரி இல்லாதவர்கள் வாங்கவே கூடாது.

மரமும் கையும்

பிஸ்டலை மேசையில் வைத்ததும் நண்பர் குண்டு டப்பாவைத் தேடினார். கோச் தடுத்தார். “சுடறது அப்புறம் சார். பிஸ்டல் நல்லாத்தான் இருக்கு. உங்க கை அதுல எங்க உக்காருதுன்னு முதல்ல பாப்போம்.”

அவர் செய்யச் சொன்ன சோதனை எளிமையானது. புது பிஸ்டல் வாங்கும் யாரும் குண்டே இல்லாமல் செய்து பார்க்கலாம். இலக்கைப் பார்த்து நின்று, பிடியை இறுக்கி, கண்ணை மூடிக்கொண்டு கையைத் தோள் உயரத்துக்குத் தூக்க வேண்டும். கை நிலைத்ததும் கண்ணைத் திறக்க வேண்டும். பிஸ்டலின் பின்முனையில் உள்ள பின்குறியின் பள்ளத்துக்கு நடுவில், குழல் நுனியில் உள்ள முன்குறி சரியாக நிற்கிறதா? இரண்டு பக்கமும் வெளிச்சம் சமமாகத் தெரிகிறதா? தெரிந்தால் கைப்பிடி பொருந்துகிறது. நண்பருக்கு முன்குறி இடப்பக்கம் ஒதுங்கி, சற்று மேலே தூக்கி நின்றது. மணிக்கட்டை லேசாகத் திருப்பி அதை நேராக்கினார். கோச் தலையாட்டவில்லை. அப்படித் திருப்பிய மணிக்கட்டு போட்டியின் 60 குண்டுகளுக்கும், ஒன்றேகால் மணி நேரத்துக்கும், அதே கோணத்தில் நிற்காது. களைத்த தசை தன் பழைய இடத்துக்குப் போகும். குண்டும் கூடவே போகும்.

தப்பு கையில் என்றால் பயிற்சி. தப்பு மரத்தில் என்றால் உப்புத்தாள். போட்டி பிஸ்டல்களின் கைப்பிடி பெரும்பாலும் வால்நட் மரத்தில் கடைந்தது; ஸ்மால், மீடியம், லார்ஜ் என்று அளவு உண்டு. ஆனால் எந்த இரண்டு உள்ளங்கையும் ஒன்றில்லை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உள்ள வளைவு எவ்வளவு ஆழம், சுண்டுவிரல் எவ்வளவு தடிமன், உள்ளங்கை மேடு எங்கே இருக்கிறது என்பதெல்லாம் ஆளுக்கு ஆள் மாறும். உயர்மட்டப் போட்டிகளில் சுடுபவர்களின் கைப்பிடியைப் பக்கத்தில் பார்த்தால் இது புரியும். ஓரிடத்தில் சீவியிருப்பார்கள், இன்னோரிடத்தில் தச்சர்கள் போடும் பட்டியை அப்பி மேடாக்கியிருப்பார்கள். பார்க்க அழகாக இருக்காது. அந்தக் கை ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் போய் உட்காரும்.

கோச் பென்சிலால் மரத்தில் இரண்டு இடத்தில் கோடு போட்டார். நண்பர் என்னைப் பார்த்தார். “புதுசுடா. இப்பவே தேய்க்கணுமா?” அவர் தயக்கம் எனக்கு நன்றாகவே புரிந்தது. லட்சத்தைத் தாண்டிய பொருளின் பளபளப்பை முதல் நாளே சுரண்ட யாருக்கும் கை வராது. ஆனாலும் தேய்த்தார். கொஞ்சம் தேய்ப்பது, கண்ணை மூடித் தூக்கிப் பார்ப்பது, மறுபடி கொஞ்சம். எடுத்த மரம் திரும்பி வராது என்பதால் அவசரப்பட முடியாத வேலை. அந்தக் காலையின் பெரும்பகுதி அதிலேயே கழிந்தது. அதைவிட உபயோகமாக அந்த நேரத்தைச் செலவிட்டிருக்க முடியாது என்று நினைக்கிறேன்.

சென்னைக்கென்று ஒரு தொல்லையும் உண்டு. வியர்வை. ஏசி இல்லாத ரேஞ்சில் உள்ளங்கை ஈரமானால், காலையில் கச்சிதமாக இருந்த பிடி பதினொரு மணிக்கு வழுக்கும். அதனால்தான் மரத்தின் மேற்பரப்பைச் சொரசொரப்பாகக் கொத்தி வைக்கிறார்கள். மேசையில் ஒரு பருத்தித் துண்டு இருந்துகொண்டே இருக்க வேண்டும். இதே ஈரம் சிலிண்டருக்கும் ஆகாது. இந்தப் பிஸ்டல்களில் குழலுக்கு அடியில் 200 பார் அழுத்தத்தில் காற்று அடைத்த சின்ன சிலிண்டர் இருக்கிறது. கடலோர ஊரின் காற்றைக் கைப்பம்பால் அடைத்தால் தண்ணீரையும் சேர்த்து அடைக்கிறோம். உலர்ந்த காற்று நிரப்பிய பெரிய சிலிண்டரிலிருந்து மாற்றிக்கொள்வதுதான் நல்லது. சிலிண்டரின் மேல் தயாரித்த தேதி பொறித்திருக்கும். பத்து வருடம் கடந்ததைப் போட்டிக்குக் கொண்டுபோகக் கூடாது. பழைய பிஸ்டல் விலை மலிவாகக் கிடைக்கிறதென்று ஓடுபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அந்தத் தேதியை.

பிசியோதெரபிஸ்டாக இருக்கும் இன்னொரு நண்பர் தசைகளைப் பற்றி அருமையாகப் பேசினார். தோளின் சின்னத் தசைகள் எப்படி ஏறக்குறைய ஒரு கிலோ எடையைச் சுமக்கின்றன என்பதை அவர் தொட்டுக் காட்டியபோது கோச்சே கவனித்துக் கேட்டார். ஆனால் அவரால் அந்தப் பிஸ்டலைப் பிடிக்கவே முடியவில்லை. அவர் இடக்கைக்காரர். வலக்கைக்காகக் கடைந்த மரம் இடது உள்ளங்கையில் எந்தப் பக்கமும் அமராது.

அப்போதுதான் கோச் கரோலி டக்காச்சின் கதையைச் சொன்னார். ஹங்கேரி ராணுவத்தைச் சேர்ந்த அவர் வலக்கையால் சுடுவதில் தேர்ந்தவர். 1938-ல் ஒரு பயிற்சியின்போது கையெறி குண்டு வெடித்து அந்தக் கை சிதைந்தது. மருத்துவமனையிலிருந்து வந்தவர் இடது கையால் முதலிலிருந்து கற்றுக்கொண்டார். 1948 லண்டன் ஒலிம்பிக்ஸில் 25 மீட்டர் ரேபிட் ஃபயர் பிஸ்டலில் தங்கம். 1952 ஹெல்சிங்கியில் மறுபடியும் தங்கம். நாங்கள் மற்றவர்கள் கதையோடு நின்றுவிட்டோம். பிசியோ நண்பர் மட்டும் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்: இடது கைக்கு அவர் என்ன பிடி வைத்திருந்தார், யார் செய்து கொடுத்தது?

ஒரு மில்லிமீட்டரின் விலை

ஒருவழியாகக் குண்டு போட்டோம். 10 மீட்டர் டார்கெட்டில் கறுப்பு வட்டம் 59.5 மில்லிமீட்டர். நடுவில் 10 புள்ளிக்கான வட்டம் 11.5 மில்லிமீட்டர்தான். அங்கிருந்து ஒவ்வொரு புள்ளிக்கும் எல்லாப் பக்கமும் 8 மில்லிமீட்டர் வெளியே போகும். இதைப் பார்த்ததும் புதியவர்கள் நினைப்பது: கை ஆடாமல் இருந்தால் போதும். கை ஆடாமல் இருக்கவே இருக்காது. ஒலிம்பிக் சாம்பியனின் கையும் ஆடும். குறைவாக ஆடும், அவ்வளவுதான்.

கணக்கைப் பாருங்கள். குறிகள் நேராக இருக்க, கை முழுதாக 5 மில்லிமீட்டர் பக்கவாட்டில் நகர்ந்தால் குண்டும் 5 மில்லிமீட்டர்தான் நகரும். இன்னும் 10 புள்ளியேதான். ஆனால் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையில் இருப்பது சுமார் 32 சென்டிமீட்டர். முன்குறி தன் பள்ளத்தில் 1 மில்லிமீட்டர் விலகி நின்றால், 10 மீட்டர் தள்ளி அது 31 மில்லிமீட்டராகப் பெருகுகிறது. குண்டு 7-க்குப் போய்விடும். அதனால்தான் கண் இலக்கைப் பார்க்கக் கூடாது, முன்குறியைப் பார்க்க வேண்டும் என்று கோச்சுகள் தொண்டை வற்றக் கத்துகிறார்கள். முன்குறி கூர்மையாகத் தெரிய வேண்டும். கறுப்பு வட்டம் மங்கிய புள்ளியாகத் தெரிந்தால் போதும். அதையும் நடுவில் பிடிப்பதில்லை. வட்டத்துக்கு அடியில் கொஞ்சம் வெள்ளை விட்டு, அங்கே நிறுத்த வேண்டும்.

மனசு இதற்கு லேசில் சம்மதிக்காது. சுடப்போவது எதையோ அதைப் பார்க்கத்தான் துடிக்கும். எங்கள் கோச் டார்கெட் அட்டையைத் திருப்பி மாட்டினார். வெறும் வெள்ளை. குறி வைக்க எதுவும் இல்லாததால் கண் தானாக முன்குறிக்கு வந்தது. நண்பரின் குண்டுகள் அந்த வெள்ளை அட்டையில் விழுந்த கூட்டம், கறுப்பு வட்டத்தைப் பார்த்துச் சுட்டதைவிட நெருக்கமாக இருந்தது. பள்ளிப் பிள்ளைகளை முதல் மாதம் முழுக்க வெள்ளை அட்டையிலேயே விட வேண்டும் என்பேன்.

அடுத்தது விசை. பன்னாட்டு விதிப்படி ஏர் பிஸ்டலின் விசைக்கு 500 கிராம் அழுத்தமாவது வேண்டும். போட்டிக்கு முன் பிஸ்டலை நிமிர்த்திப் பிடித்து, விசையில் 500 கிராம் எடையை மாட்டித் தூக்கிப் பார்ப்பார்கள். எடை மேலே எழும்பும்வரை விசை தாங்க வேண்டும். அந்த 500-ல் பெரும்பங்கை முதல் கட்டத்திலேயே அழுத்தி எடுத்துவிட்டு, மிச்சத்தைக் குறியில் கண் இருக்கும்போதே மெல்லக் கூட்ட வேண்டும். எந்தக் கணத்தில் வெடிக்கும் என்று விரலுக்குத் தெரியக் கூடாது. ‘இதோ நடுவில் வந்துவிட்டது’ என்று விரல் வெடுக்கென்று இழுத்தால், வலக்கைக்காரர்களுக்குக் குண்டு இடப்பக்கம் கீழே போய் விழும். அன்று என் அட்டையில் அந்த மூலையில்தான் கூட்டம்.

விசையில் இயந்திர வகையும் உண்டு, பேட்டரியில் ஓடும் மின்னணு வகையும் உண்டு. மின்னணு விசை விரலுக்கு இதம். ஆனால் எந்தக் கருவியும் ஒருநாள் மக்கர் பண்ணும். 2021 ஜூலை 25, டோக்கியோவில் தகுதிச் சுற்றின் நடுவில் மனு பாக்கரின் பிஸ்டல் பழுதானது. சரிசெய்து திரும்புவதற்குள் கால் மணி நேரத்துக்கு மேல் போய்விட்டது. மீதிக் குண்டுகளை நேரத்தோடு போட்டிபோட்டுச் சுட்டு 575 எடுத்தார். 12-வது இடம், முதல் எட்டுப் பேருக்குத்தான் இறுதிச் சுற்று. அந்தப் பெண்ணுக்கு அப்போது வயது 19. மூன்று வருடம் கழித்து பாரிஸில் அவர் நின்ற நிதானத்தைப் பார்த்தவர்களுக்கு, அந்தப் பதக்கம் எதிலிருந்து வந்தது என்று தெரியும்.

இந்த விளையாட்டில் எனக்கு மிகவும் பிடித்தது, சுடாமல் கையை இறக்குவது. கையைத் தூக்கிய பத்து விநாடிக்குள் குண்டு போகவில்லை என்றால் கண் களைக்கிறது, மூச்சு முட்டுகிறது. கையை இறக்கி, மூச்சு வாங்கி, மறுபடி தொடங்க வேண்டும். சொல்ல எளிது. தூக்கிய கையை வீணாக்க மனம் வராமல் விசையை இழுத்துவிடுவதுதான் இயல்பு. வங்கி நண்பரின் மகள் அன்று பலமுறை கையை இறக்கினாள். கோச் புள்ளிகளைப் பார்க்கவே இல்லை. அவள் இறக்கும் ஒவ்வொரு முறையும், “அருமைம்மா” என்றார்.

அவள் சுட்டது புது பிஸ்டலில் இல்லை. அதை முதலில் எடுத்துப் பார்த்தாள். மீடியம் அளவுக் கைப்பிடியை அவள் விரல்கள் முழுதாகச் சுற்றவில்லை. விசையில் விரலின் நுனி மட்டும்தான் பட்டது. அப்பா எத்தனை ஆசையாக வாங்கினார் என்று அவளுக்குத் தெரியும். அதனால் சரியாக இருப்பதாகச் சொல்லிப் பார்த்தாள். கோச் அவள் கையிலிருந்து அதை மெல்ல வாங்கிக்கொண்டு, கிளப் அலமாரியிலிருந்து ஒரு பழைய பிஸ்டலை எடுத்துக் கொடுத்தார். மினுக்கம் போனது, பெயின்ட் உரிந்தது. கைப்பிடி ஸ்மால். கண்ணை மூடித் தூக்கித் திறந்தபோது முன்குறி பள்ளத்தின் நடுவில் நின்றது.

பெற்றோர்களிடம் நான் சொல்ல விரும்புவது இதைத்தான். கை வளரும் வயதில் கைப்பிடியும் மாறும். ஒரு வருடமாவது கிளப் பிஸ்டலில் சுடட்டும். பின்னாளில் துப்பாக்கி சுடுவதில் பெயர் வாங்கிய சந்திரோ தோமர், உத்தரப்பிரதேசத்தின் ஜோஹ்ரி கிராமத்தில் அறுபது வயதைக் கடந்து, பேத்தியை ரேஞ்சுக்குக் கூட்டிப்போன இடத்தில்தான் பிஸ்டலைக் கையில் எடுத்தார். கடைக்குப் போய்த் தொடங்கவில்லை. ஆனால் பெற்றோரிடம் மட்டும் இதைச் சொல்வது நியாயமில்லை. கிளப்புகளில் எடுத்துப் பழகப் பிஸ்டல் இருக்க வேண்டும் அல்லவா? பல ரேஞ்சுகளில் சொந்தக் கருவி வைத்திருப்பவர்களுக்குத்தான் நேரம் கிடைக்கிறது. பொதுவில் இருப்பது ஒன்றிரண்டு. அதிலும் சீல் கசியும், சிலிண்டர் காலாவதி. மாவட்டத்துக்கு ஒரு ரேஞ்சில் பத்துப் பிஸ்டல், மூன்று அளவுகளிலும் கைப்பிடி, பழுது பார்க்கத் தெரிந்த ஓர் ஆள் இருந்தால், லட்சம் ரூபாய் இல்லாத வீட்டிலிருந்தும் சுடுபவர்கள் வருவார்கள். அரசும் விளையாட்டுச் சங்கங்களும் பதக்கம் வென்றவர்களுக்குத் தரும் பரிசுப் பணத்தோடு இதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். மிக நியாயமான கோரிக்கை இது என்று உறுதியாக நம்புகிறேன்.

சுட்டு முடித்ததும் எல்லோரையும் கோச் சோப்பு போட்டுக் கை கழுவ அனுப்பினார். குண்டு ஈயம், விரலில் ஒட்டும், கழுவாமல் எதையும் வாயில் வைக்கக் கூடாது. பிறகுதான் டீயும் மெதுவடையும். அங்கே உட்கார்ந்துதான் கணக்குப் பார்த்தோம். புது பிஸ்டல் வங்கி நண்பரிடமே இருக்கும். மரத்தை இன்னும் கொஞ்சம் தேய்க்க வேண்டியிருக்கிறது. மகள் கிளப் பிஸ்டலில் தொடர்வாள். அதன் சிலிண்டரில் பொறித்த தேதிப்படி இன்னும் சில மாதம்தான் இருக்கிறது. புது சிலிண்டருக்கான பணத்தை நண்பர்கள் பிரித்துக்கொண்டோம். பிசியோ நண்பர் தன் பங்கைக் கொடுத்துவிட்டு, அதே பிஸ்டலுக்கு இடக்கைக் கைப்பிடி ஒன்றும் வேண்டும் என்றார். அதற்கும் கோச் ஆர்டர் போட்டுவிட்டார்.